எனக்கு ஆகாத ரத்தம்

நிலவின் மறுபக்கத் தொலைநோக்கி நிலையம். பதிவு: செண்பகவல்லி, பராமரிப்புப் பொறியாளர்.

மார்ச் 3, 10:20
ரத்த வங்கிப் பயிற்சி, மூன்றாம் பாடம். தனியாகப் பணியில் இருப்பவரும் இதைக் கற்றாக வேண்டும். குளிர்பெட்டியில் ஆறு பை ஓ நெகட்டிவ். பூமியிலிருந்து சொல்லிக்கொடுப்பவள் அருள்செல்வி, லேப் டெக்னாலஜிஸ்ட், என் வயதுக்காரி. இங்கே ரத்தமுள்ள உடம்பு என்னுடையது மட்டும்தான், அதனால் என்னையே குத்திக்கொண்டேன். என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், அதாவது சீரத்தில், ஏ வகை ரத்தச் செல் விட்டேன், திரண்டது. பி செல், திரண்டது. நான் ஓ வகை, ஆகவே ஓ செல் திரளக் கூடாது. திரண்டது.
“டியூப்ப ஒழுங்கா கழுவல நீ. மறுபடி போடு.”

மார்ச் 4, 11:05
புது டியூப், புதுத் துளி. நான்கு முறை செய்தேன், நான்கிலும் ஓ செல் திரண்டது. டியூபைக் கேமராவுக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அருள்செல்வி இன்னும் கிட்டே காட்டச் சொன்னாள்.
“வல்லி, நீ தப்பா செய்யல. நீ ஓ இல்ல. பம்பாய் வகை.”
ஓ ரத்தத்தில்கூட இருக்கும் ஒரு பொருள் என்னிடம் இல்லையாம். இங்குள்ள எந்தப் பையை ஏற்றினாலும் என் உடம்பு அதை உடைத்துப் போடும். பல ஆயிரம் பேரில் ஒருவர்தான் இப்படி. முப்பத்தாறு வயதுவரை எனக்கே தெரியாது.

மார்ச் 9, 07:40
மலம் தார் மாதிரி கறுப்பு. இது இரண்டாம் முறை. வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறது என்கிறார் பூமியிலுள்ள டாக்டர். ஹீமோகுளோபின் 7.8, பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மாத்திரை, படுக்கை. ராக்கெட் 11-ஆம் தேதி கிளம்பும், வந்து சேர நான்கு நாள்.

மார்ச் 10, 16:15
என் வகையில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பை சேலத்தில் இருக்கிறது. நாளை மதியம் ஹெலிகாப்டரில் ஏவுதளம் போகும். கொடுத்தவர் குரலை அனுப்பினார்கள்:
“அக்கா, வணக்கங்க. என் பேரு பிரகலாதன், ஓமலூர்ல ஏசி மெக்கானிக்குங்க. ரத்தம் குடுத்துட்டனுங்க. அங்க வேற ஆளே இல்லையாமா. பயமா இருந்தா எனக்கு ஒரு போன் போடுங்க.”
இங்கிருந்து ஓமலூருக்குப் போன் போட முடியாது. அந்தக் குரலை ஐந்து முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

மார்ச் 11, 09:30
6.1. அருள்செல்வியின் குரல் சரியில்லை. ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டேன்.
“தர்மபுரில ஒரு பொண்ணு. கொழந்த பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கல. அவளும் உன் வகைதான். மும்பைலருந்து பை வர நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் தாங்க மாட்டா. உங்கிட்ட யாரும் கேக்கச் சொல்லல வல்லி. நானும் கேக்கல.”
மைக்கை அணைத்தேன். சேலத்துப் பை எனக்கு வேண்டும். மறைக்காமல் எழுதி வைக்கிறேன், எனக்கு அது வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிறகு மைக்கைப் போட்டு, “குடுத்துடு” என்றேன்.
“வல்லி...”
“பேசிட்டே நிக்காத. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள அனுப்பு.”

மார்ச் 12, 12:10
அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். பெயரைக் கேட்கவில்லை. மும்பைப் பைக்குக் காத்திராமல் ராக்கெட் நேற்றே கிளம்பிவிட்டது. அதில் ஒரு டாக்டர் வருகிறார், ரத்தம் இல்லாமல். 5.2.

மார்ச் 14, 13:50
தண்ணீர் எடுக்க எழுந்தேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அருள்செல்வி இப்போது பாடம் நடத்துவதில்லை. லைனைத் திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைச் செய்கிறாள். ரத்தம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் சுற்றுவது கேட்கிறது. யாரோ டீ கேட்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.
“இருக்கியா வல்லி?”
“இருக்கேன்.”

மார்ச் 15
மணி தெரியவில்லை. பூமியோடு இணைக்கும் செயற்கைக்கோள் மறைந்துவிட்டது, லைன் இல்லை. விரல் குத்திப் பார்க்கவில்லை. எழுத்து கோணுகிறது. மூச்சு

கூப்பிட்டது யார்? யாருமில்லை. காதுக்குள் என் இதயம்தான்.

டாக்டர் வரும் லேண்டர் இறங்கும்போது, வெளியே காற்றில்லாததால் சத்தம் வராது, தரைதான் அதிரும். உள்ளங்கையைத் தரையில் வைத்திருக்கிறேன். குளிர்கிறது. எடுக்க மாட்டேன்

இப்போது லேசாக

இல்லை. என் கைதான் நடுங்கு