கழுத்தில் கட்டாத பட்டன்

அதைத்தான் சொல்கிறேன் பெரியம்மா, ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்துவிட்டேன், கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் பட்டன்தான். கறுப்புக் கயிற்றில் தொங்கும் அதே சிவப்புப் பட்டன். உங்கள் மகன் திருப்பிக் கொடுத்ததற்கு ஊரப்பாக்கம் ஆபீசில் புது பேட்டரி போட்டு, கோவளத்தில் ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மேனுக்குக் கட்டிவிட்டு வரச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கேளம்பாக்கத்தில் அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பட்டன். அது பெரியப்பா போட்டோவில் மாதக்கணக்கில் தொங்கியது அல்லவா, அந்த வாசனை. அதனால்தான் ஃபாரத்தின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

எட்டாவது வரைக்கும் படித்த என்னை இந்த வேலைக்கு எடுத்ததே என் வாய்க்காகத்தான். தனியாக இருக்கும் வயசானவர்களிடம் பேசிச் சிரித்துக் கழுத்தில் பட்டனைக் கட்டிவிட வேண்டும். விழுந்துவிட்டால், மூச்சு முட்டினால் அவர்கள் அதை அழுத்துவார்கள். வீட்டில் வைத்த பெட்டியிலிருந்து ஆபீஸ் பெண் "இன்னா ஆச்சும்மா?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் எனக்குப் போன் வரும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கோவளம் வரைக்கும் கடற்கரைப் பக்கம் என் பொறுப்பு. அந்த வரிசையில்தான் திருவிடந்தையில் உங்கள் வீடு வந்தது.

நான் முதலில் வந்தது கேதார கௌரி நோன்பு முடிந்த மறுநாள். நோன்புக் கயிறு என் மணிக்கட்டில் மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம். அந்த வருஷம் அம்மனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பெரியப்பாவை ஆடியில் பறிகொடுத்தவர். பட்டன் கயிற்றைப் பிரித்துக்கொண்டு நான் பக்கத்தில் வந்ததும் சொன்னீர்கள்:

"தாலி எறங்குன கழுத்துடி இது. இதுல திருப்பி ஒரு கவுறா?"

"சரி பெரிம்மா, வேணாம். பெரிப்பா போட்டோவுல மாட்டிட்றேன். நடந்துகினு இருக்கும்போது கைக்கு எட்டும்."

"உயிரோட இருந்தப்ப கூப்ட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. இப்ப எனக்குக் காவலா? நல்லா கீதுடி உன் ஏற்பாடு."

ஃபாரத்தில் ஒரு வரி உண்டு: கழுத்தில் அணிவித்து மூன்று முறை அழுத்திச் சோதித்தேன். நான் எட்டி ஆணியில் மாட்டினேன், அங்கேயே மூன்று முறை அழுத்தினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு சுமங்கலி, நோன்பு முடித்த கையால், புருஷனை இழந்தவள் கழுத்தில் கயிறு கட்டலாமா என்று ஆபீசில் யாரைக் கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்தேன். வரும்போதெல்லாம் பட்டன் போட்டோவில்தான் இருந்தது. நீங்கள் மோர் கொடுத்தீர்கள். நான் என் மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனேன்.

மாசியில் ஒரு நாள் பால் போடுகிற பெண் போன் செய்தாள். முந்தின நாள் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறது என்றாள். நான் வருவதற்குள் கதவை உடைத்திருந்தார்கள்.

நீங்கள் குளியலறையில் விழுந்து, இடுப்பு ஒடிந்து, கூடம் வரைக்கும் நகர்ந்து வந்திருக்கிறீர்கள். ஈரப் புடவை இழுபட்ட தடம் தரையில் காய்ந்திருந்தது. போட்டோவுக்குக் கீழே சுவரில் உங்கள் விரல் தடம் என் முழங்கால் உயரம் வரைக்கும் இருந்தது. கைக்குப் பக்கத்தில் துடைப்பம். போட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பட்டன் மட்டும் விழவில்லை. நான் கயிற்றை ஆணியில் இரண்டு சுற்று சுற்றி மாட்டியிருந்தேன்.

மற்றவர்கள் உங்கள் மேல் போர்த்தத் துணி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டனை ஆணியிலிருந்து எடுத்து, கட்டிலில் உங்கள் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு போட்டோவை நேராக்கினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

மறுநாள் உங்கள் மகன் புனேயிலிருந்து வந்தார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கழுத்துல கட்டினீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"கட்டனேன் சார். அவுங்கதான் கழட்டி வெச்சிடுவாங்க. தலகாணிக்கு அடியில இருந்துது, நீங்களே பாத்தீங்களே."

அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். "சொன்னா கேக்கவே மாட்டியாம்மா நீ? உனுக்கு இன்னா கொற வெச்சேன்?" என்றார்.

"அத்தைக்கு எப்பவும் புடிச்ச புடிதான்" என்றாள் உங்கள் மருமகள்.

சாவுக்கு வந்திருந்த உங்கள் நாத்தனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அவுத்து வெச்சிட்டு விழுந்தா கம்பெனிக்காரி இன்னா பண்ணுவா? பறந்தா வருவா?" என்று எனக்குப் பரிந்து பேசினாள். பாடையில் தூக்கும்வரைக்கும் உங்களை வைதார்கள். உங்கள் மகன் கடைசியாக உங்களிடம் பேசியது வசவுதான். நான் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆபீசில் என்மேல் குறை இல்லை. புதிதாகச் சேரும் பெண்களுக்கு இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "கட்டிக்க மாட்டேன்னு சொன்னா இன்னாக்கா பண்றது?" என்று ஒருத்தியாவது கேட்பாள். உடனே உங்கள் கதையைச் சொல்வேன். பேர் சொல்வதில்லை. திருவிடந்தையில் பிடிவாதக்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள் என்று ஆரம்பிப்பேன். நன்றாகச் சொல்கிறேன் என்று மேனேஜர் பாராட்டினார். சனிக்கிழமை பெருமாளுக்கு நெய் விளக்குப் போடும்போது உங்களுக்கும் ஒன்று போடுகிறேன். என்ன வேண்டிக்கொள்வேன் தெரியுமா? அந்தப் பிடிவாதத்தை மன்னித்து ஏற்றுக்கொள் சாமி என்றுதான். என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். நேற்று கூட ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

உங்கள் மகனிடம் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அது நிஜம்தானே என்று இத்தனை நாளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். பஸ் வந்துவிட்டது, போஸ்ட்மேன் காத்திருப்பார்.

இல்லை, இந்த பஸ் போகட்டும். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தாலி இறங்கின கழுத்து என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, "சரி, சீக்கிரம் கட்டு, அரிசி வெந்துகினு கீது" என்று இடது கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் கழுத்தைக் குனிந்து காட்டினீர்கள்.