அரை அளவு மருந்து

ஐப்பசி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். பென்னாகரத்து டாக்டர் பதினொரு மணிக்கு வந்தார். காவேரியின் வயிற்றுக் கட்டி இன்னும் பெரிதாகிவிட்டதாம். அவளுக்குக் கேட்காமல், புருஷனாயிற்றே என்று என்னை வாசலுக்கு அழைத்துச் சொன்னார்: "இனி கட்டியக் கரைக்க மருந்து இல்லீங்க. வலி தெரியாமப் பாத்துக்கலாம். மூணு வேளை. தாங்கலைன்னா இன்னொரு வேளை சேத்துக் குடுங்க."
புது மிக்சர். பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம். ஒரு பல் ஒரு வேளை. மொத்தம் பன்னிரண்டு. கொஞ்சம் அபின் சேர்ந்தது என்றார்.
அபின்! நான் வேலை பார்த்த ஆபீசில் அபின் தின்று கெட்ட பியூனின் கண்கள் நினைவுக்கு வந்தன. மதியம் அரைப் பல், இரவு அரைப் பல்தான் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சரிதானா? தெரியவில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்
ஏரியில் குளித்துவிட்டு வந்து பாட்டிலைப் பார்த்தேன். இரண்டு பல் இறங்கியிருக்கிறது. நான் கொடுத்தது ஒன்று.
1. தக்கை ஒழுகுகிறதா? இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன்.
2. என் கண்ணா? கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தேன். இரண்டுதான்.
3. மருமகள் பொன்னம்மா? வத்தல்மலையிலிருந்து மூலிகை விற்க வருகிற ஆளிடம் ஏதோ வேர் வாங்கி வைத்திருக்கிறாள். நேற்றுப் பக்கத்து வீட்டில், "இங்கிலீசு மருந்து கொடலை அறுத்துப்புடும்" என்று சொன்னது காதில் விழுந்தது. இதைக் கொட்டிவிட்டு வேரை அரைத்துக் கொடுக்கிறாளோ?
பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி அரைஞாணில்.

ஐப்பசி 11, புதன்
வெயில். மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. சண்டையால் கப்பல் வரவில்லை என்கிறான் கடைக்காரன்.
பொன்னம்மா பூட்டைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க மாமா, மருந்துக்குமா பூட்டு?"
"எலி" என்றேன்.
"எலிக்கு வயித்து வலிங்களா?"
 சிரித்தாள், ஆனால் முகம் சரியில்லை. குற்றமுள்ளவள் முகம் அப்படித்தான் இருக்கும். (இது நியாயமா?)
காவேரி முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்றேன். "இல்லீங்க." அரைப் பல் கொடுத்தேன்.

ஐப்பசி 12, வியாழன்
குளித்து வந்ததும் பொன்னம்மா எதிரில் வந்து நின்றாள். அழுத கண்.
"சாவியக் குடுங்க மாமா. நாந்தான் ஊத்திக் குடுத்தேன், நீங்க ஏரிக்குப் போனப்ப. ராவெல்லாம் தாங்கலைன்னு அத்தை கையப் புடிச்சிக் கேட்டாங்க. ரெண்டு நாளா அதுவும் இல்ல. நீங்களே போயிப் பாருங்க."
"அந்த வேர்?"
"அது எம் பல்வலிக்குங்க!"
உள்ளே போனேன். இல்லை என்று ஏன் சொன்னாய் என்று காவேரியைக் கேட்டேன்.
"பாட்டிலத் தொட்டாலே உங்க கை நடுங்குது. நான் வேற வலிக்குதுன்னு சொன்னா?"
முழுப் பல் ஊற்றினேன். கை நடுங்கியது, சிந்தவில்லை. அரை மணி கழித்துக் காலை நீட்டினாள். பத்து நாளாக மடக்கியே வைத்திருந்த கால். பொன்னம்மாவிடம் மன்னிப்பு என்று வாயெடுத்தேன். "கஞ்சி ஆறுதுங்க மாமா" என்று போய்விட்டாள்.

ஐப்பசி 14, சனி
மருந்து தீர்ந்தது. இதையும் பழைய மிக்சர் பாட்டிலையும் கழுவி எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் பென்னாகரம். காம்பவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டா? மருந்து ஆயாவுக்குங்களா, உங்களுக்குங்களா?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.
"எம் பொஞ்சாதிக்கு வலி தாங்கலைங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டு வேணும்."
காம்பவுண்டர் இரண்டு பாட்டிலையும் வாங்கி மருந்து ஊற்ற உள்ளே கொண்டுபோனான்.