பேச்சு நின்றுபோன தராசு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் குறட்டை எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் உன்மேல் எரிந்து விழுந்து போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் தாளை எடுத்தேன். எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறதே என்று சிரிக்காதே. உன்னிடம் மறைத்துவிட்டேன், சின்ன எழுத்தையும் எண்களையும் நான் கண்ணால் படித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்குமேல் குறையாது, போனது மட்டும் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நம் பேக்கரியில் நானே மாவு பிசைகிறேன் என்றால் அந்தப் பேசும் தராசு இருந்ததால்தான். மாவைக் கொட்டினால் நானூறு கிராம் என்று சொல்லும், உப்பைப் போட்டால் எட்டு கிராம் என்று சொல்லும், அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

அதற்குத்தான் உன் அப்பா வேட்டு வைத்தார். தராசை மேம்படுத்தவா என்று அதோடு இணைத்த போனில் கேட்டிருக்கிறது, கீழே சரி என்று ஒரு பொத்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட எதற்கும் உடனே சரி சொல்லாத மனிதர், ஒரு தராசு கேட்டதும் சரி சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அது வாயே திறக்கவில்லை. குரலையே எடுத்துவிட்டார்களாம், அதற்குப் பெயர் மேம்பாடாம். பிறகு ஐந்து நாள் அப்பாதான் பக்கத்தில் நின்று எடையைப் படித்தார். தராசு எடையை மட்டும் சொல்லும், இவர் கூடவே அபிப்பிராயமும் சொல்வார். பேச்சு சுவாரசியத்தில் பதினெட்டை எட்டென்று படிக்க, மூன்று தட்டு பன்னும் உப்புக் கரித்தது, பள்ளி கேன்டீன்காரம்மா அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அவமானத்தில் மாவுக் கையோடு உட்கார்ந்து அழுதேன். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். தராசின் குரலை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டாங்கம்மா அதான் எடுத்திருப்பாங்க, எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் எடுப்போம் என்றாய். போதாததற்குக் கடையை மூடிட்டு இங்க வந்துடுங்க என்றும் சொன்னாய்.

அந்தக் கோபத்தில் தராசு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதை வாங்கிய கடைக்கே போனேன். எடையைப் பேசிச் சொல்லும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. கடைக்காரர், அது சாஃப்ட்வேர் சமாச்சாரம்மா எங்க கையில ஒண்ணும் இல்லை என்றார். நான் விற்ற பன்னிலிருந்து மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து திராட்சையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் விடுவீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அங்கே ஒரு பெண் எழுதி வைத்ததைப் படிப்பதுபோலப் பதில் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு எட்டு கிராம் உப்பு அளந்து பாரம்மா, அப்புறம் மிச்சத்தைப் படி என்றேன். அதோடு படிப்பதை விட்டுவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். என்னைப் போல இன்னும் நிறையப் பேர் சண்டை போட்டார்களாம், அடுத்த மாதம் குரல் திரும்ப வருகிறதாம். அதுவரைக்கும் மேம்படாத பழைய தராசு ஒன்றைக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். இன்று அப்பாவைக் கல்லாவுக்கு விரட்டிவிட்டு எல்லாவற்றையும் நானே அளந்தேன். கேன்டீனுக்கு அனுப்பிய பன் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதனால் கடையை மூடுகிற பேச்சை விட்டுவிடு, பள்ளிக்கு லீவு விடும்போது வந்து பத்து நாள் இருக்கிறேன்.

உன்மேல் இப்போது கோபம் இல்லை. யாரும் என்று நீ சொன்னதில் நானும் இருக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும், நான் வாயைத் திறந்திருந்தால்தானே. ஆனால் உன் ஆபீசில் எதையாவது எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். வீடியோவில் வந்தால் சும்மா கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போகாதே. உன் முகம் எனக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. நீ சிரிப்பது குரலில்தான் தெரியும். பேசு கண்ணா.

உன்
அம்மா