ஒத்திகையில் போன உயிர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்கும் காரணம் நான்தான், சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா என்றதற்கு, யோசிச்சுச் சொல்றேம்மா என்றாய். சோயா துளி பட்டாலும் அவளுக்குத் தொண்டை வீங்கிவிடும், நான் மறந்துபோய் எதையாவது கொடுத்துவிடுவேனோ என்று உனக்குப் பயம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆலை கேண்டீனையே கட்டி ஆண்டவளுக்கு ஒரு வாண்டுக்குச் சமைக்கத் தெரியாதா என்று ஒத்திகையில் இறங்கினேன். கடையில் பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் எல்லாவற்றையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தேன், எதை எடுத்தாலும் சோயா. கடைக்காரர் என்னைச் சோதனை அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டார், நானும் மறுக்கவில்லை.

வாண்டுக்கென்று தனிப் பானை, தனிக் கரண்டி, கரண்டியில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். அவளுக்காக வாங்கிய குட்டி நாற்காலியில் உன் அப்பாவை உட்கார வைத்தேன், அவர்தான் வாண்டு. ஓர் அடுப்பில் அவளுக்குக் காய்கறி சூப்பு, பக்கத்தில் எங்களுக்குச் சோயா உருண்டை போட்டது. கேண்டீனில் ஒரே கரண்டியோடு வரிசையாக எல்லா அண்டாவையும் கிண்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்துப் பழகிய கை இல்லையா, எங்கள் பானையைக் கிண்டிய கரண்டி அப்படியே அவள் பானைக்குள் போய்விட்டது. சத்தியமாக எனக்குத் தெரியவே இல்லை. சிவப்பு நூல் கரண்டி ஆணியில் சிவனே என்று தொங்குகிறது. உன் அப்பா தலையைச் சாய்த்து, நான் போயிட்டேன் என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். நாற்காலியை விட்டு எழ முடியாமல் அவர் முழங்கால் பிடித்துக்கொண்டது, அதற்கும் சிரித்தோம். அவர் எழுந்த பிறகு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தேன், சிரிப்பை நிறுத்தி அடுப்பை அணைத்தேன். நீ பயந்தது நியாயம்தான் கண்ணு.

இந்த வயதில் கையைத் திருத்த முடியாது, அதனால் வீட்டைத் திருத்திவிட்டேன். சோயா கலந்ததை எல்லாம் எதிர்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று, பானை, கரண்டி எல்லாம் புதிது. இனி வாண்டு சாப்பிடுவதுதான் எங்களுக்கும், ஒரே பானை. சோயா உருண்டை என்றால் உயிரை விடும் உன் அப்பாவும், செத்தவனுக்கு எதுக்குச் சோயா என்று ஒத்துக்கொண்டார்.

குழந்தை நூறாண்டு நன்றாக இருக்கட்டும், நீங்களும் மனநிறைவோடு இருங்கள். அவளுடைய அவசர ஊசியை மறக்காமல் எடுத்து வா, போடும் விதத்தை எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடு. யோசித்தாயிற்றா என்று மட்டும் சொல், குட்டி நாற்காலி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒற்றைப் பானைக்காரி,
உன் அம்மா.