கிளாம்பு இல்லாத மேசை

எளாவூர்
25.10.2025, சனிக்கிழமை

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா ஞானம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் உடம்புக்குச் சுகமாக இருக்கிறேன். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல், நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் உன்னிடம் முகம் சுளிக்காமல், சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். நைனாவும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அது எழுத வரவில்லை பாப்பா. போனிலேயே சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், பாதி சொல்லிப் பாதியை விழுங்கிவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நைனா கண்ணில் தூசி விழுந்தது, சின்ன ஆபரேஷன், அதனால் தூங்குகிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய். அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது, இனி வராது என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து, மூச்சு விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நீ ஜப்பானுக்குப் போன பிறகு வாங்கிய மெஷினை நீ வீடியோவில்தான் பார்த்திருக்கிறாய். கம்பெனிக்காரர்கள் கரண்ட் பெட்டிக்குள் வைக்கும் ஹைலம் என்கிற கெட்டி அட்டை ஷீட்டில் ஓட்டை போட்டு, வடிவம் வெட்டி நம் வீட்டை ஒட்டிய ஷெட்டிலேயே செய்து கொடுப்போம். ஷீட் நகராமல் இருக்க நாலு பக்கமும் இரும்புக் கிளாம்பு போட்டு மேசையோடு முறுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கோடு போட்டால் வெட்டுகிற பிட்டு தானாக ஓடும். அது வெறும் பொருள்தான், குறுக்கே கிளாம்பு இருக்கிறதா என்று அதற்குக் கண் கிடையாது. ஜூன் மாதம் பதினாலாம் தேதி காலையில் நைனா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அந்த வலது பக்கக் கிளாம்பை ஒரு வரிசை தள்ளிப் போடு ஞானம் என்றார். நான் தள்ளித்தான் போட்டேன். வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, அவசரமும் இல்லை, உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. பிட்டு போய்க் கிளாம்பில் மோதி உடைந்து ஒரு துண்டு தெறித்தது. அவர் கத்தக்கூட இல்லை, ஐயோ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போகும்போது நைனாவோடு முன்பு ரோலிங் மில்லில் வேலை பார்த்த மோகன்ராஜ்தான் கூட வந்தார். எப்படிண்ணா ஆச்சு என்று அவர் கேட்டதற்கு நைனா, "நான்தான் எதையோ தப்பா வச்சிட்டேன்பா" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் வழிகிற துண்டைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும். மறுநாள் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டமானது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்ட, எது தூரம் என்று தெரியாதாம். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவார், வாசற்படியில் காலை மோதிக்கொள்வார். ஊனமுற்றோர் அட்டைக்கு எழுதிப் போடலாம் என்று ஆடி மாதத்தில் திருவள்ளூருக்குக் கூட்டிப் போனேன். பெரியபாளையத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டு வந்த கூட்டத்தில் பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. அவ்வளவு நேரமும் கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். ஆபீசில் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு காலும் இல்லாத ஒருவர் தரையில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனுக்கு இன்னா கேடு, கண்ணா போச்சு, மூளதான போச்சு. அதுக்கு எந்த ஆபீசுல அட்ட குடுப்பாங்க, வா ஊட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். மூளை போச்சு என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் மோகன்ராஜ் பார்க்க வந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். நைனா அவரிடம், மெஷின் வெட்டத் தொடங்க வேண்டிய புள்ளியை நான்தான் தப்பாக வைத்துவிட்டேன், இருபது வருஷம் மில்லில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் வேலை பார்த்த கை இப்படிச் செய்தது என்றால் சர்க்கரை தலைக்கு ஏறிப் புத்தி மங்கிவிட்டது, இனிமேல் மெஷினைத் தொட்டால் பக்கத்தில் நிற்கிற ஞானத்தையும் கொன்றுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன் ஜெனி. என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் நிஜமாகவே தன் தப்பு என்று நம்பியிருக்கிறார். அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தில் இனிமேல் விழிக்கமாட்டார் என்ற பயம். செப்டம்பரில் ஒரு சாயங்காலம் ஆளைக் காணோம். மீன் கொடுக்க வந்த லட்சுமியம்மாள்தான் ஸ்டேஷன் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். செருப்பு போடாமல் ஓடினேன். பிளாட்பாரத்தின் கடைசியில், சிமெண்ட் முடிகிற இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னா பண்றீங்க இங்க என்று கேட்டேன். சும்மா ரயில் பாக்கறேன் என்றார். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்று போகிறவரை அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவரை விட்டு அரை மணி நேரம் வெளியே போனதில்லை. குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்துவைத்துக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்த மேசையில் கிளாம்பே இல்லாமல் செய்துவிட்டால் அவருக்குப் பயம் போகும், மறுபடி ஷெட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். காற்றை உறிஞ்சி ஷீட்டை மேசையோடு ஒட்டவைக்கும் முறை ஒன்று உண்டு, பெரிய கம்பெனிகளில் இருக்கிறது, வாங்குவது நம்மால் ஆகாது. போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலேயே செய்கிற வீடியோ பார்த்தேன். அவர் பேசுவது ஒன்றும் புரியவில்லை, அவர் கையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீடு பெருக்கும் வேக்கம் கிளீனரின் பழைய மோட்டார் இரண்டை மோகன்ராஜ் காயலான் கடையில் தேடிக்கொண்டு வந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த கனமான எம்.டி.எஃப் பலகை ஒன்றில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கீழே பி.வி.சி. பைப் வைத்து மோட்டாரில் இணைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை வெட்ட மெஷினை ஓட்டியாக வேண்டுமே. ஜூனுக்குப் பிறகு முதல்முறையாக அதை ஆன் செய்தேன். கிளாம்பைத் தொட முடியவில்லை, பலகையின் நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு மேசையில் இறுக்கினேன். பிட்டு சுழலத் தொடங்கியதும் கதவுக்கு வெளியே வந்து நின்று, எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டி முடித்தேன். பள்ளம் வெட்டிய பலகைக்கு மேலே இன்னொரு மெல்லிய எம்.டி.எஃப் பலகை. அதன் உடம்பு வழியாகவே காற்று இறங்குமாம், மேல்தோலையும் அடித்தோலையும் மட்டும் லேசாகச் சீவ வேண்டும். நான் அதை நம்பவில்லை. வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது தூள்தான் வாய்க்குள் வந்தது.

முதல் தடவை மோட்டாரைப் போட்டு ஷீட்டைத் தள்ளினேன், எண்ணெய் தடவிய கல்லில் தோசைபோல நகர்ந்தது. பலகையின் ஓரங்களிலிருந்து காற்று உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பெயிண்ட் மூன்று பூச்சுப் பூசினேன். இரண்டாவது தடவை ஒரு பாதி பிடித்தது, ஒரு பாதி தூக்கிக்கொண்டது. ஷீட் மூடாத இடத்தையெல்லாம் வெட்டுப்பட்ட துண்டுகளால் மூட வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்படியே பதினைந்து நாள். வெளியே மழை, கூரையில் ஒழுகல், தலையெல்லாம் மரத்தூள், நடுநடுவே ஓடிப்போய் அவர் கட்டிலில் இருக்கிறாரா என்று பார்ப்பது. அவர் ஒரு நாள்கூட இன்னா பண்ற என்று கேட்கவில்லை. இந்தப் பதினாறாம் தேதி வியாழக்கிழமை எல்லாவற்றையும் இறுக்கி மூடி மோட்டாரைப் போட்டேன். ஷீட்டை இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. காலை மேசையில் ஊன்றி இழுத்தேன், மேசைதான் நகர்ந்தது. கர்த்தாவே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மோட்டார் சத்தம் மெலிந்து மெலிந்து விசிலடிப்பதுபோல மேலே ஏறியது. நல்லதுக்குத்தான் என்று நான் நினைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து நைனா, "யாருடி அது, மோட்டாரு மூச்சு முட்டி சாவுது, நிறுத்து" என்று கத்திக்கொண்டு, கதவு நிலையில் தோள் மோதியும் நிற்காமல் ஷெட்டுக்குள் வந்தார். வந்து, பைப்பைத் தடவி, மோட்டாரைத் தொட்டுக் கையை உதறி, "காத்து உள்ள பூந்தாதான அது சூடு ஆறும்? பைப்புல ஒரு சின்ன ஓட்டையாவது வுட்டு வைக்கணும், இதுகூடத் தெரியாம செஞ்சிக்கினு கீற" என்று திட்டினார். நாலு மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். டிரில் எடுத்து ஓட்டையும் போட்டார், முதல் தடவை இடம் தவறியது, விரலால் தடவிப் பார்த்து இரண்டாவது தடவை சரியாகப் போட்டார். மோட்டார் சத்தம் இறங்கிச் சமாதானமானது. அப்புறம் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, நல்லா செஞ்சிருக்க, ஆனா புள்ளி வைக்க வேற ஆளப் பாரு, என் தல செரியில்ல என்றார்.

அப்போதுதான் சொன்னேன் பாப்பா. உங்க தல நல்லாத்தான் இருக்குது, கிளாம்பு நான் மாத்திப் போட்டேன் என்று, அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "நாலு மாசமா என் தலைய நானே சுத்தியால அடிச்சிக்கினு கெடந்தேன். நீ பாத்துக்கினு இருந்தியா?" கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணைக் கேட்டிருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேன். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. மறுநாள் காலையில் நாஷ்டா முடித்ததும் நேராக ஷெட்டுக்குப் போனார். ஒற்றைக் கண்ணைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் மூன்று தடவை பார்க்கிறார். வேலை செய்கிறார், சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், ஸ்டேஷன் பக்கம் போவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால், மில் வேலை இல்லாத நேரத்தில் கைகொடுக்க வரும் மோகன்ராஜிடம் சொல்கிறார், அவர் என்னிடம் சொல்கிறார். தீபாவளிக்கு மோகன்ராஜ் வீட்டிலிருந்து வந்த பலகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைத் தட்டோடு வைத்திருந்தார். எனக்காக வைத்தாரா, வேண்டாம் என்று வைத்தாரா, தெரியவில்லை. அந்த மனுஷன் பிழைத்துவிட்டார் என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன், அதே மூச்சில் என்னோடு ஒரு வார்த்தை பேசவையும் என்றும் கேட்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் பட்டினி கிடந்திருக்கிறோம், பேசாமல் கிடந்ததில்லை. நான் செய்தது மன்னிக்கக்கூடியதா என்று யாரிடம் கேட்பேன். கிளாம்பை மாற்றிப் போட்டது கை செய்த தப்பு, வாயை மூடிக்கொண்டது நான் செய்தது.

நீ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வராதே, இங்கே நீ வந்து செய்ய ஒன்றும் இல்லை. என் பக்கம் பேசி அவரிடம் சமாதானமும் கேட்காதே, அது எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, மெஷின் எப்படி ஓடுது நைனா என்று மட்டும் கேள், அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிரு. என்மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அதையும் எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் இரண்டு பேரிடம் தாங்க முடியாது.

இந்தக் கடிதத்தைக் காலையில் ஆரம்பித்தேன், நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தது. மோகன்ராஜுக்கு இன்று பகல் டியூட்டி. புதிதாக வந்த முழு ஷீட்டைத் தனி ஆளாக மேசைமேல் ஏற்ற முடியாது. நைனா இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நானாகப் போகவில்லை, போனால் ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாரோ என்று பயந்து பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஷெட்டுக்குள்ளிருந்து, "ஞானம், அந்தப் பக்கம் வந்து புடி" என்றார். போய்ப் பிடித்தேன். ஏற்றினோம். வேறெதுவும் பேசவில்லை, மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் வந்து இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன்னைப் பெற்றவள் செய்த தப்பு உன்மேல் நிழலாகக்கூட விழாமல் இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும், படித்தேன் என்று ஒரு வரியாவது அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
தா. ஞானம்மா