பதினாறு படங்களும் ஓர் உதையும்

4.11.2009
காலையில் இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில் ஏறி மகள் ஜாஸ்லின் வந்து நின்றாள். கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. புருஷன் அகஸ்டின் பெல்ட்டால் அடித்திருக்கிறான், பக்கிள் இருக்கும் பக்கத்தால். என் மனைவி லூர்து அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் முழுதாகப் பார்க்கவில்லை. மேஜைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது, அதை ஓர் உதை விட்டேன். என் நகம்தான் பெயர்ந்தது. மாவீரன்.

பக்கத்து வீட்டுக் கௌசல்யா, மகளின் முதுகைப் பதினாறு படம் எடுத்தாள். மெமரி கார்டை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கேமராவோடு மண்டலே கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

5.11
கோயில் குழுப் பெரியவர் சகாயராஜ் வந்தார். "மாப்ள அடிக்கவே இல்லங்கிறாரு. குளியலறையில விழுந்திச்சாம். பதினஞ்சாந்தேதி குழு கூடுது. சமாதானப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு புள்ளைய அனுப்பி வைங்க."
"படம் இருக்கு ஐயா."
"அப்பக் கொண்டாங்க, பாப்போம்."
பெட்டியின் முன்பக்கத் துளையில் கார்டைச் செருகினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

6.11
துடைத்தேன். ஊதினேன். தலைகீழாகவும் செருகப் பார்த்தேன். ரீஸ்டார்ட் பண்ணினால் கரண்ட் போனது.

7.11
லான்மடாவ் பெயிண்ட் கடையில் என்னோடு வேலை செய்யும் பர்கத்துல்லா தன் கார்டைக் கொடுத்தான். "இதுவும் வரலன்னா கம்ப்யூட்டர்ல டிவைஸ் மேனேஜர்னு ஒரு லிஸ்ட் இருக்கு, பாருங்கண்ணே. மஞ்சக் குறி இருந்தா டிரைவர் கோளாறு. பேரே இல்லன்னா உள்ள ஒயருதான் கோளாறு. இல்லாட்டி ரிப்பேர் கடையில குடுங்க, அஞ்சு நிமிஷம்."
கடையிலா? என் மகள் முதுகைக் கண்டவனும் பார்க்கவா?
அவன் கார்டும் வரவில்லை. லூர்து, "வீக்கம் வத்திருச்சு" என்றாள் சந்தோஷமாக. எனக்கு வியர்த்தது. மகளுக்குக் காயம் ஆறுகிறதே என்று பயப்படும் அப்பன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

8.11
இரும்புக் குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு இன்சீன் போனேன். ரயிலில் பக்கத்து அம்மாள் குடையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அகஸ்டின் கதவைத் திறந்தான். என் முதல் அடி கதவு நிலையில் பட்டது. மற்ற அடியெல்லாம் அவனுடையது, என் குழாயாலேயே. இரண்டு பல் போச்சு. விழுந்த பிறகும் விலாவில் மிதித்தான். "வயசாச்சேன்னு விடறேன் மாமா." குழாயையும் தரவில்லை.

10.11
காய்ச்சல். சிரித்தால் விலா வலிக்கிறது. நல்லவேளை, சிரிக்க ஒன்றுமில்லை.

12.11
டிவைஸ் மேனேஜரை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். மஞ்சள் குறி இல்லை. பேரும் இல்லை. இன்னும் மூன்றே நாள். பெட்டியை அறைந்தேன். மறுபடி அறைந்தேன். "பேசுடா நாயே!" திரும்பினால் ஜாஸ்லின் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு –
"மெஷினத்தாம்மா அடிச்சேன்."
"அவரும் மொதல்ல டிவியத்தாம்ப்பா அடிச்சாரு."

அவளே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கார்டு துளையிலிருந்து வரும் ஒயர் பலகையிலிருந்து நழுவித் தொங்கியது. "பலமா இடிச்சிருக்கு" என்றவள், என் கால் நகத்தைப் பார்த்தாள். எட்டு நாளாக அகஸ்டினுக்கு நான்தான் உதவியிருக்கிறேன்!

அழுத்திச் செருகினாள். பதினாறு படமும் வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "என் முதுக இப்பத்தான் நானே பாக்குறேன்."

15.11
கம்ப்யூட்டரைச் சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றி, நான் பின்னால் தள்ள, கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். இஸ்திரிச் சட்டையில் அகஸ்டின். மூன்றாவது படத்தில் பக்கிள் சதுரமாகப் பதிந்திருந்தது, முள்ளோடு. பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சகாயராஜ் தொண்டையைச் செருமினார். "சரி, தப்புத்தான். மன்னிச்சுக் கையெழுத்துப் போடும்மா."
"மாட்டேன் ஐயா. இப்பப் போனா, அடுத்த தடவ படம் எடுக்க நான் உசுரோட இருக்க மாட்டேன்."
யாரும் பேனாவை நீட்டவில்லை.

22.11
மதியம் குடித்துவிட்டு வந்து அகஸ்டின் எங்கள் கதவை உதைத்தான். கீல் ஆடியது. லூர்து சத்தமாக ஜெபம் சொன்னாள். நான் மீன் அரியும் கத்தியோடு எழுந்தேன். ஜாஸ்லின் போய் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். "உக்காருங்கப்பா. சோறு ஆறுது."
உட்கார்ந்தேன். உதை நிற்கவில்லை. அவள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.