கரைந்துபோன பூச்சு

மார்ச் 4

இன்றும் கெட்டது. உப்புநீரில் ஒழுங்காக வேலை செய்கிற ஒளியிழை, நிஜப் புண்ணின் நீரில் முக்கியதும் உளறுகிறது. நுனியில் ஜெலட்டின் பூச்சு. ஆறாமல் உள்ளே அழுகும் புண்ணில் சதையை அரிக்கும் நொதி இருக்கும்; அது இந்தப் பூச்சையும் தின்னும். பூச்சு மெலிய மெலியத் திரும்பி வரும் வெளிச்சம் மாறும். அவ்வளவுதான் யோசனை. ஆனால் புண்நீரில் உள்ள மற்ற புரதமெல்லாம் நுனியில் அப்பிக்கொள்கிறது. வெளிச்சம் மாறியது நொதியாலா, அழுக்காலா — யாருக்குத் தெரியும்?

ஆய்வகத் தலைவர் திரையைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 9

அக்காவின் பேக்கரிக்குப் போனேன். அடுப்பிலிருந்து எடுத்த தட்டு அவள் காலில் விழுந்திருக்கிறது. சர்க்கரை நோயில் மரத்துப்போன கால். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதுதான் புண்ணையே பார்த்தாளாம். கட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். பையிலிருந்த இழைத் துண்டைக் காட்டினேன்.

"தூண்டில் நரம்பு மாதிரி இருக்கே. இத வெச்சு எந்த மீனப் புடிக்கப் போற?"

அத்தான் சிரித்தார். நானும்தான். கட்டைப் பிரிக்கச் சொன்னதற்கு, "சர்ஜன் பாக்கறாரு, நீ பன்ன சாப்பிடு" என்றாள்.

மார்ச் 21

ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 2

தலைவர் கூப்பிட்டார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்கம்மா. அப்புறம் இத மூடிடலாம்." தலையாட்டினேன். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வயதில் வேறு எதைத் தொடங்குவது?

ஏப்ரல் 10

பக்கத்தில் இன்னோர் இழை — நொதியால் கடிக்க முடியாதபடி கெட்டியாக்கிய பூச்சோடு. அழுக்கு இரண்டிலும் ஒரே மாதிரி அப்பும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் நொதிதான். முன்பும் முயன்றதுதான். கெட்டிப் பூச்சு கண்ணாடியில் நிற்காமல் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். இந்த முறை நுனியை அமிலத்தில் ஊறவைத்துப் பிறகு பூசினேன். நிற்கிறது. நம்ப பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 24

சர்ஜன் அனுப்பிய புண்நீர்க் குழாய்கள் வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். ஏழாம் எண்ணில் இழையை முக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் பூச்சு முழுக்கப் போய்விட்டது. பக்கத்து இழை அசையவில்லை. திரையில் இரண்டு கோடும் கத்தரிக்கோல்போல் விரிந்தன. நான் கத்தியே விட்டேன்.

தலைவர் ஓடி வந்தார். "இதுதாம்மா நமக்கு வேணும். ஏழுதான் நம்ம ராசி."

அக்காவுக்கு போன் செய்து கேக் ஒன்று வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 25

கேக் வாங்கப் போனேன். அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"என்னோடதும் ஒண்ணு அந்தக் குழாய்ல இருக்கு, தெரியுமா? சர்ஜன் கேட்டாரு. தங்கச்சி வேலைக்குன்னா எவ்வளவு வேணா எடுத்துக்கங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நல்லா வேல செஞ்சுதா?"

"எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

ஆய்வகத்தில் எல்லாரும் கேக் சாப்பிட்டார்கள். என் துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். ஏழாக இருக்காது. ஏன் ஏழாக இருக்கணும்? இருக்கக் கூடாது.

ஏப்ரல் 26

சர்ஜனிடம் போய் ஏழைப் பற்றிச் சொன்னேன்.

"யாரோடதுன்னு நான் சொல்லக்கூடாது. உங்க கருவிய வெச்சு நான் வைத்தியம் பண்ணவும் முடியாது" என்றார். "உங்க அக்கா புண்ணு மேல நல்லாத்தான் ஆறிட்டு வருது."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் சீட்டை எடுத்து எழுதினார்.

"அவங்களக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாம்."

ஏப்ரல் 28

மேலே தோல் மூடிக்கொண்டு வருகிறது. உள்ளே அழுகல் எலும்பு வரை போயிருக்கிறது.

மே 3

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"இன்னும் விட்டிருந்தா முழங்காலும் சேந்து போயிருக்கும். உங்க கருவியாலதான் தப்பிச்சுது" என்றார் சர்ஜன். இது ஆறுதலாம். என்னத்த கண்டுபுடிச்சேன்? வீடு எரிஞ்ச பெறகு பொகை வருதுன்னு சொல்ற மெஷினு. அந்தப் பாழாப்போன பூச்சு மார்ச்சுலயே ஒட்டியிருந்தா என்ன?

மே 6

அத்தான் வீட்டிலிருந்து அக்காவின் செருப்பைக் கொண்டுவந்து கட்டிலடியில் ஜோடியாக வைத்தார். பிறகு நினைவு வந்து ஒன்றைப் பையில் போட்டார். பையில் போட்டது எந்தக் காலுக்கானது என்று குழம்பி, மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மே 11

அக்கா கேட்டாள்: "அந்தக் குழாய்ல எது என்னோடது?"

சர்ஜன் சொல்லவில்லை, ஆனால் ஸ்கேனுக்குப் பிறகு ஏழுதான் என்று எனக்குத் தெரியும்; நான் பார்த்துக் கத்திய அதே குழாய். இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன்.

"நீ கேக்கு கேட்ட அன்னைக்கா?"

"ஆமாக்கா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 30

தலைவர் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டார். முதல் படம் ஏழு. என் பெயர் முதலில் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. நான் கூப்பிட்டால் அக்கா போனை அத்தானிடம் கொடுத்துவிடுகிறாள்.

ஜூன் 19

இழையை நோயாளிகளின் புண்ணில் நேரடியாக வைத்துப் பார்க்க மருத்துவமனை அனுமதி கொடுத்துவிட்டது. அக்காவின் தையல் ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. சம்மதம் கேட்க சர்ஜனைத்தான் அனுப்பினேன். அவள் என்னையே வரச் சொன்னாள்.

"வெச்சுப் பாரு. என்ன வந்தாலும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்."

இழையைத் தையல் ஓரத்தில் வைத்தேன். அத்தான் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். திரையில் இரண்டு கோடும் ஒட்டியே போயின. வெகுநேரம் பார்த்தேன்.

"பிரியலக்கா."

"பிரியலன்னா நல்லதா?"

"நல்லது. ஆறிடும்."

அவள் சிரிக்கவில்லை. காலில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினாள்.

"அவங்களுக்கும் பாத்துடு. கால் இருக்கும்போதே பாத்துடு."